காமன் எரிந்தானா?

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா, ஹட்டன், நுவரெலியா பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தோடு சேர்ந்தது காமன் கூத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் தங்களோடு கொண்டுவந்த வழிபாடு இது. காமம் அழிக்க வேண்டியதா, காக்க வேண்டியதா என்ற பழைய சமயக் கேள்வியை இக்கூத்து ஊர் நடுவில் வைத்து ஆடிக் காட்டுகிறது.

கதை புராணத்திலிருந்து வருவது. சிவனுக்கு ஒரு மகன் பிறந்தால்தான் அசுரன் சூரபதுமன் அழிவான். சிவனோ யோகத்தில் இருக்கிறார். தேவர்கள் ஏவ, மன்மதன் என்னும் காமன் அவர்மீது மலர்க்கணை தொடுத்து, நெற்றிக்கண் தீயில் சாம்பலாகிறான். அவன் மனைவி ரதியின் அழுகைக்கு இரங்கிய சிவன், அவளுக்கு மட்டும் உருவோடும் மற்றவர்க்கு உருவின்றியும் இருக்கும்படி அவனை மீண்டும் எழுப்புகிறார். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இதற்கெனக் காமதகனப் படலம் உண்டு. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த வீரட்டத் தலமாகப் போற்றப்படுகிறது.

தோட்டத்தில் வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவார்கள். ரதி, மதன் வேடம் பூணுவோர் நோன்பு இருப்பார்கள். ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. தப்புப் பறை முழங்க, இருவரும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் வாசல்தோறும் ஆடுவார்கள். தூதன் ஓலை கொண்டுவருவான். போக வேண்டாம் என்று ரதி தடுப்பாள். மதன் கேட்காமல் போவான். கம்பம் எரிந்தபின் ரதி தனித்து நிற்பாள். அதுவரை இருவராக ஆடிய ஆட்டம் ஒருத்தியின் ஒப்பாரியாக மாறுகிறது. அழகாலும் அசைவாலும் கண்ணை இழுத்த அதே உடலை, இப்போது இழப்பைச் சுமக்கும் உடலாக ஊர் பார்க்கிறது. பார்ப்பவர்களும் அழுகிறார்கள்.

காமத்தை அழிப்பதா, காப்பதா என்ற கேள்விக்குத் தமிழ் மரபு ஒரே விடையைத் தரவில்லை. சிலப்பதிகாரத்தில், காமன் கோயிலான காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்ல, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். ஆண்டாளோ நாச்சியார் திருமொழியின் முதற்பத்தில், திருமாலோடு தன்னைச் சேர்க்கும்படி காமனையே வேண்டி நோன்பு நோற்கிறாள். திருவள்ளுவர் இன்பத்துக்கென 250 குறள்களை ஒதுக்கினார். தஞ்சைப் பகுதியின் லாவணி என்னும் வாதப் பாட்டில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடி வாதிட்டார்கள்.

இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. எரிந்தது, யார் மீது வேண்டுமானாலும் கணை தொடுக்கலாம் என்ற காமனின் செருக்கு. எரியாமல் நின்றது, ரதியோடு அவனுக்கு இருந்த உறவு. காமனை எரித்த சிவனே பின்னர் உமையை மணந்து, தன் உடலில் பாதியையும் அவளுக்குத் தந்தார். ஆகவே சைவம் காமத்தைப் பாவம் என்று ஒதுக்கவில்லை. அதை உறவுக்குள் நிறுத்துகிறது.

இன்றைய பாலியல் காணொளியை இந்த வெளிச்சத்தில் ஆராயலாம். அங்கேயும் ஒருவர் தனியே நின்று தம் உடலைப் பிறர் பார்வைக்குத் தருகிறார். உடலைக் காட்டுவதும் ஆசையைத் தூண்டுவதும் மட்டுமே குற்றம் என்றால், ரதியின் ஆட்டமும் குற்றமாகிவிடும். வேறுபாடு பார்ப்பவரின் நிலையில் இருக்கிறது. கூத்தில் ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே தோட்டத்து மக்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ரதியின் ஆட்டத்தை ரசித்தவர் அவள் துயரத்துக்கும் உடனிருக்க வேண்டும். திரையைப் பார்ப்பவருக்கு அந்தக் கடமை இல்லை. தன்னைக் காட்டாமலே பிறர் உடலைக் காண்கிறார். அந்த உடலுக்குரியவரின் பசியோ விருப்பமோ வற்புறுத்தலோ அவருக்குத் தெரிவதில்லை. நிகழ்த்துபவர் மீது மட்டும் பழி சுமத்தும் ஒழுக்கப் பேச்சு, பார்வையாளரைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறது. அது நியாயமன்று.

காமன் கூத்து தரும் விடை இதுவே: ஆசையை ஒளிக்கவும் வேண்டாம், கட்டவிழ்க்கவும் வேண்டாம். நம் கண்முன் ஆடும் உடல் ஒரு மனிதருடையது. அவருடைய துயரத்துக்கும் நாம் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை ஏற்கும் பார்வையே அறத்துக்கு உட்பட்டது.