ஆச்சியோட ஞாபகம் யார் பொறுப்பு?

ஒரு விஷயம் மனசை உறுத்திட்டே இருக்கு.

ஆச்சிக்கு 74 வயசு. மறதி வருதேன்னு போன்ல சுடோகு போட்டுக் கொடுத்தேன். 'மூளைக்கு வேலை கொடுங்க ஆச்சி'ன்னு அறிவுரை வேற! ரெண்டு வருஷமா அவங்களுக்குக் காது சரியா கேக்கலை. 'என்னய்யா சொன்ன?'ன்னு திருப்பிக் கேட்டா, 'ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னு முடிச்சிருவோம். வீட்ல எல்லாருமே அப்படித்தான்.

டிமென்ஷியா பத்தி 2024ல வந்த லான்செட் ஆணைய அறிக்கை, நாம மாத்தக்கூடிய 14 காரணங்களைச் சொல்லுது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். காது கேளாமையும் தனிமையும் அதுல இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

ஆச்சியோட மறதிக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உடம்பைப் பார்த்துக்கறது அவரவர் கடமைன்னு பேசறோமே, நடை, தூக்கம், சாப்பாடு சரி. பேச்சுத்துணையை ஒருத்தர் தனியா எப்படித் தேடிக்குவார்?

சின்ன வயசுல எனக்குக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொடுத்தது ஆச்சிதான். தப்பா சொன்னா பத்து தடவை திருப்பிச் சொல்லுவாங்க, சலிக்காம.

காதுக்கருவி வாங்கியாச்சு. 'ஒரே இரைச்சல்'னு கழட்டி வச்சிடறாங்க. நான் எதிர்ல உட்கார்ந்து, முகம் பார்த்து, ரெண்டாவது தடவையும் சொல்றேன்.