மூலமும் உடலும்

ஒரு பிரதி எல்லோருக்கும் உரியது என்று எப்போது சொல்லலாம்? வெளியிட்டுவிட்டால் போதும் என்பது எழுதுகிறவர்களின் பொதுவான நினைப்பு. கம்ப்யூட்டர் நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுக்கிறவர்களிடமும் இதே நினைப்பு உண்டு. ஆனால் அங்கே அது நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகிறது. இலக்கியத்தில் நாம் செய்துகொள்ளும் எந்தச் சோதனையைக் காட்டிலும் அது கறாரானது என்று எனக்குப் படுகிறது.

மனிதன் படிக்கும்படி எழுதப்பட்ட நிரல், மூலம். இயந்திரத்துக்கு அது அப்படியே புரியாது. பிராசஸர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளைத் தொகுதி உண்டு: மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இன்டெல் வகை, கையிலுள்ள போனில் ஆர்ம். மூலத்தை ஒவ்வொன்றுக்குமாகத் தனித்தனியே கம்பைல் செய்து பொதியாகக் கட்டித் தர வேண்டும். உடனே ஆத்மா, சரீரம் என்று வேதாந்தத்துக்குத் தாவ வேண்டாம் (டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர்ப்பக்கத்துக்காரனுக்கு அந்தச் சபலம் இயல்புதான்). இங்கே சரீரம் ஆத்மாவின் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது.

சி மொழியில் ஒரு பழைய தவறு. கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது முடிவு வந்ததும் -1 என்ற எண் கிடைக்கும். எழுதியவர் அதை ஒற்றை பைட் மாறியில் வாங்கி வைக்கிறார். இன்டெல் லினக்ஸில் அந்த மாறி எதிர்மறை எண்ணை ஏற்கும், நிரல் ஓடுகிறது. ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. முடிவு வந்ததே தெரியாமல் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘ஆர்மில் கோளாறு’ என்பது முதலில் வரும் தீர்ப்பு. உண்மையில் இன்டெல்லிலும் கோளாறுதான்: கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தால் அதையே முடிவென்று எடுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சொந்த வீட்டில் பிழை பழக்கமாகிவிடுகிறது. அந்நிய உடலில் புகும்போதுதான் அதற்குப் பிழை என்று பெயர் கிடைக்கிறது. தன் வட்டத்துக்குள்ளேயே படித்துப் பாராட்டப்படும் கவிதையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேற்று உடலுக்குக் கட்டுகிற உழைப்பு யாருடையது? 1960 ஏப்ரலில்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது திருத்தணி. நகரியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் கௌண்டரில் சலான் தாராளமாகக் கிடைக்கும். அதில் தெலுங்கு இல்லை. ‘கொஞ்சம் எழுதிக் கொடுங்க சார்’ என்று நீட்டுவார்கள். சலான் வைத்திருப்பதோடு வங்கியின் கடமை தீர்ந்தது. எழுதித் தருவது எந்த விதியிலும் இல்லை.

1993-ல் தொடங்கி தன்னார்வலர்கள் நடத்திவரும் டெபியனில் இதற்கு ஒரு விதி செய்திருக்கிறார்கள். அதிகாரபூர்வக் கட்டமைப்புகளில் ஒரு பொதி முன்பு எவற்றுக்கெல்லாம் கட்டப்பட்டதோ, புதிய வடிவமும் அத்தனைக்கும் கட்டப்பட வேண்டும். ஒன்றில் தவறினாலும் அடுத்த வெளியீட்டுக்கான வரிசையில் நுழையாது. சிலரே வைத்திருக்கும் இயந்திரத்துக்காகப் பலரும் காத்திருக்க நேரும். முடியவே முடியாதென்றால் ‘இந்தக் கட்டமைப்பிலிருந்து என் பொதியை நீக்குங்கள்’ என்று பகிரங்கமாக விண்ணப்பிக்க வேண்டும். கைவிடலாம்; ஓசையின்றிக் கைவிட முடியாது. நான் அறிந்த அறக்கோட்பாடுகள் பலவற்றில் இந்த நுட்பம் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நடப்பது வேறு. 2021 பிப்ரவரியில், பைத்தான் மொழியின் ‘கிரிப்டோகிராஃபி’ என்ற நூலகம் தன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியது. நினைவகப் பிழைகளைத் தடுப்பது நோக்கம், நியாயமான நோக்கம். ஆனால் ஆல்ஃபா, எச்பிபிஏ போன்ற பழைய கட்டமைப்புகளுக்கு ரஸ்ட் கம்பைலர் கிடையாது. அவற்றின் பயனாளர்கள் கொதித்தார்கள். அவற்றுக்கு ஆதரவு தருவதாக எப்போது சொன்னோம் என்பது பதில். வாக்குறுதியின் கணக்கில் பதில் சரி. கூலியில்லாமல் உழைக்கிறவனிடம் இன்னும் உழை என்று அதட்டும் உரிமையும் யாருக்கும் இல்லை. ஆயினும் ‘எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள்?’ என்று அப்போது பலரும் எழுப்பிய கேள்வி என்னை உறுத்துகிறது.

ஏனென்றால் ரிஸ்க்-வி இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் உருவான, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதி அது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசஸர்கள் அதன்மேல்தான் வடிவமைக்கப்பட்டன. 2018-ல் அவற்றில் ஒன்று சில்லாக வந்து லினக்ஸை இயக்கிக் காட்டியது. ரிஸ்க்-விக்காக ஆரம்பத்தில் பொதிகள் கட்டியவர்கள் அசல் இயந்திரம் கிடைக்காமல், அதைப்போல நடிக்கும் நிரலை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டி அதற்குள்ளே கட்டினார்கள். கிண்டியில் ஒரு சில்லு வரப்போகிறது என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? தலைகளை எண்ணியிருந்தால் அன்று ரிஸ்க்-வி ஆல்ஃபாவுக்கும் கீழே.

பிறக்கப்போவதற்கும் போய்க்கொண்டிருப்பதற்கும் ஒரே கணக்கா என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் இரண்டும் ஒருசேர நடந்தன. 64 பிட் ரிஸ்க்-வி அதிகாரபூர்வமாக உள்ளே வந்தது. பழைய 32 பிட் இன்டெல் வகைக்கு கெர்னலும் இல்லை, நிறுவும் வசதியும் இல்லை. 64 பிட் இயந்திரத்தில் பழைய நிரல்களை ஓட்டிக்கொள்ள மட்டும் அதன் பொதிகளை வைத்திருக்கிறார்கள். அந்த வகை இயந்திரம் ஒன்று மலைப்படிக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இன்னும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இனி டெபியன் 12-தான்.