கடைமடைக்காரர் போடும் மதிப்பெண்

2022-ல் மேட்டூர் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. அந்த ஆண்டு டெல்டா மாவட்டங்களில் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வாரும் பணி என்பது அரசுக் கணக்கு.

கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்து விவசாயிகளின் கணக்கு வேறு. அவர்கள் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. தண்ணீர் என்றைக்கு வந்தது, எத்தனை நாள் நின்று ஓடியது, கடைசி மதகைத் தாண்டி வயலில் ஏறியதா என்று பார்ப்பார்கள். ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளிக் கரையில் கொட்டிவிட்டு வாட்டம் பார்க்காமல் போனால், மேலே தளும்புகிற தண்ணீர் கீழே நகராது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

2017-ல், பாசனதாரர்களின் பங்கேற்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்தை மீண்டும் தொடங்கிய அரசு, செலவில் 10 சதவீதத்தை அவர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. பங்கு கேட்டது சரிதான். அப்படியே, வேலை முடிந்தது என்று கையெழுத்திடும் உரிமையையும் கடைமடைக்காரருக்குத் தரலாமே? பணி முடிந்த அன்று வேண்டாம், முதல் தண்ணீர் வயலுக்கு வந்த பிறகு.