காலமும் அச்சமும் நீதியும்

ஆயுதம் எழுமிடத்துச் சட்டம் மௌனிக்கும் என்னுங் கருத்தை, கி. மு. 52இல் மிலோ என்பவனுக்காக நிகழ்ந்த வழக்கில் சிசரோ முன்வைத்தான். தற்காப்புக்காகக் கொலை செய்த ஒருவனைக் காப்பதற்கே அவன் அங்ஙனம் வாதித்தான். பின்வந்த அரசுகளோ அவ்வாதத்தைத் தமதாக்கிக் கொண்டன. அரசுக்கு ஆபத்து நேரும்போது நீதியின் பொருளே மாறுகின்றது என்பார் இன்றும் உளர். அக்கூற்று ஆராய்தற்குரியது.

யான் பிறந்த மொனராகலை, பழைய வெல்லச நாட்டைச் சார்ந்தது. 1817இல் ஊவாவில் ஆங்கிலேயருக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. 1818இல் ஆளுநர் பிரவுன்றிக் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கிளர்ச்சித் தலைவர்கள் வர்த்தமானியிலே துரோகிகளெனப் பெயர் குறிக்கப்பட்டனர். வீடுகளும் பயிர்களும் எரியுண்டன. அவ்வாண்டு நவம்பர் 26இல் கெப்பெட்டிபொல கண்டியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். அத்துரோகிப் பட்டம் 2016இலேயே இலங்கை அரசால் நீக்கப்பட்டது. 198 ஆண்டுகள்! நீதி மாறும் என்போர் இதனைச் சான்றாகக் காட்டக்கூடும். நுணுகி நோக்குமிடத்து இது அவர்களுக்கு எதிரான சான்றேயாம். 1818இன் தீர்ப்பு அக்காலத்து நீதி எனின், 2016இல் திருத்துதற்கு யாதுமில்லை. திருத்தியமையே, அது செய்யப்பட்ட நாளிலும் பிழையாயிருந்தது என ஒப்பியமையாகும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கென ஆக்கப்பட்டு, 1982இல் நிரந்தரமாயிற்று. குற்றஞ்சாட்டாமலே ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022இன் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. பொதுச் சட்டத்தின்படி பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. இச்சட்டத்தின்கீழோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்தது சான்றாகும்; அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனக் காட்டும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். குற்றமுள்ளவனைக் கண்டறிந்து தண்டித்தல் என்னும் பொருள் இங்கு மாறவில்லை. எவருடைய மறுப்புச் செவிமடுக்கத் தக்கது என்னும் எல்லையே சுருங்கிற்று. போர்க்காலத்தில் பஸ்ஸில் ஏறுமுன் அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொள்வதாக என் அப்பாயி கூறுவார். பக்கத்து ஆசனத்துச் சிங்களப் பெண்மணிக்கு அத்துணை அச்சம் இருந்ததில்லையாம்.

அச்சுறுத்தல் வெறுங் கற்பனை என்பது என் வாதமன்று. 2019 ஏப்பிரல் 21இல் தேவாலயங்களில் வழிபட்டோர் கொல்லப்பட்டமையை அறிந்த எவரும் அங்ஙனங் கூறார். எல்லோரையும் சோதனையிடுதல், சில நாள் ஊரடங்கு ஆகியன பொறுக்கத்தக்கனவே. அவற்றை விதிப்போரும் ஓரளவு சுமக்கின்றனர். சிலரை மட்டும் விசாரணையின்றி அடைத்து ஏனையோரின் அச்சத்தைத் தணித்தல் வேறு வகையைச் சார்ந்தது. பாண்டியனும் விரைவையே வேண்டினான். சிலம்பு உடைந்தபின், அவ்வேளைக்கு அதுவே நீதி என்று அவன் வாதாடவில்லை.

ஊவாவிலேயே மற்றொரு நிகழ்வுண்டு. 2000 ஒக்டோபர் 25இல், பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். அவர்கள் புனர்வாழ்வுக்கெனத் தடுத்துவைக்கப்பட்டிருந்தோர். பொலிஸாரும் அவ்விடத்தில் இருந்தனர். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் 2005இற்குள் ஐவருமே விடுதலையாயினர். ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படாத குற்றத்துக்காக ஒருவரைத் தூக்கிலிடலாகாது என்னும் நெறியை யான் மறுக்கேன். அவ்வைவருக்கும் அது உரியதே. முகாமினுள் இறந்தோருக்கு, அவர்கள் உயிரோடிருந்த நாளில், அதே நெறியை மறுத்ததற்கு எக்காரணத்தை நாம் கூறப்போகின்றோம்?