பாளையும் பீப்பாயும்

பெல்ஜியத்தில் பிரெஞ்சு எல்லையை ஒட்டி எய்னோ என்றொரு மாகாணம் இருக்கிறது. விவசாயப் பூமி. அங்கே பண்ணை வீடுகளில் குளிர்காலத்தில் பீர் காய்ச்சி வைப்பார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம், கோடையில் காய்ச்சினால் காற்றில் திரியும் நுண்ணுயிர்கள் புகுந்து கெடுத்துவிடும். அப்படிக் காய்ச்சி வைத்ததை வேனிலில் வயல்வேலைக்கு வரும் கூலியாட்களுக்குத் தாகத்துக்குக் கொடுத்தார்கள். சேஸோன் என்று அதற்குப் பெயர். பிரெஞ்சில் பருவம் என்று பொருள். ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை உண்டு. இதில் பாதி பிற்காலத்து விற்பனை மசாலா என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். கூலிக்காரன் குடித்தது மெலிதாகத்தான் இருந்திருக்க வேண்டும், குடித்த கையோடு வெயிலில் நின்று வேலை செய்தாக வேண்டுமே.

இன்று அந்த வகையின் பெரிய பெயர் தூர்ப் கிராமத்து ட்யூபோன் பண்ணை. 1844 முதல் அங்கே பீர் காய்ச்சுகிறார்கள். இன்றைய சேஸோன் ட்யூபோனில் ஆல்கஹால் 6.5 சதவீதம். கூலியாட்கள் போய்விட்டார்கள், டிராக்டர் வந்தாயிற்று, பீர் மட்டும் தடித்து, தக்கை போட்ட பாட்டிலுக்குள் ஏறி உலகம் சுற்றுகிறது. மைக்கேல் ஜாக்ஸன் (பாடகர் அல்ல, அதே பெயரில் ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர், பீரைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர்) போன்றவர்கள்தான் இந்தப் பண்ணைப் பானங்களுக்கு ரசிகர்களைத் தேடித்தந்தார்கள். 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

பெங்களூரில் ஒரு சிறு ப்ரூவரியில், பண்ணைப் பாணியில் காய்ச்சிய மூன்று வகைகளை வரிசையாக வைத்து ருசி பார்க்கும் கூட்டத்தில் நான் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணம், சிறு மடக்கு. நடுவே வாய் கொப்பளிக்கத் தண்ணீர். நடத்தியவர் மிளகு, வைக்கோல், எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது கிண்ணத்துக்கு, காட்டு ஈஸ்ட் சேர்த்தது அது, குதிரைக்குப் போர்த்திய கம்பளியின் வாசம் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். உண்மையிலேயே நல்ல பானம். உலர்ந்து, லேசாகப் புளித்து, நாக்கின் ஓரங்களில் நுரைத்துக் கரைந்தது. பக்கத்தில் இருந்த திருவட்டாறுக்கார நண்பர் என் காதில் சொன்னார்: “வேய், இது அந்திக்கள்ளுல்லா!”

அவர் சொன்னதில் சரக்கு உண்டு. கள்ளுக்குக் காய்ச்ச வேண்டாம், முளைகட்ட வேண்டாம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் போதும், காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சொட்டு விழத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிடும். வேலை வேண்டாமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும், அப்போது கிடைப்பது எங்களூர் அக்கானி, மற்றவர்களுக்குப் பதநீர். பெல்ஜியத்துக்காரன் பீப்பாயில் மாதக்கணக்கில் காத்திருந்து அடையும் காட்டுப் புளிப்பைப் பனை ஒரு பகலில் கொடுத்துவிடுகிறது. மறுநாள் அது காடி.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். பனை நமது மாநில மரம். களியக்காவிளை தாண்டினால் அதே கள் உரிமம் பெற்ற கடையில் மரச்சீனிக் கிழங்கோடும் மீன்கறியோடும் கிடைக்கிறது.

இங்கேதான் கேள்வி வருகிறது. ஒரே செயல் ஓரிடத்தில் ரசனை, இன்னோரிடத்தில் குற்றம் என்றால் தீர்ப்பு செயலைப் பற்றியதா, செய்கிற ஆளைப் பற்றியதா?

கள்ளை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். கள் உணவு, போதைப்பொருள் அல்ல என்பது அந்த வாதம். நான்கைந்து சதவீத ஆல்கஹால் ஆல்கஹால்தான். பானையில் இருந்தாலும் கிண்ணத்தில் இருந்தாலும் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். அவருக்கும் முந்திய புறநானூற்றில் அதியமானோடு கள் பகிர்ந்ததை நினைத்து ஔவை அழுகிறாள். இரண்டும் நம்முடையவைதான், வசதிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. குடி கெடுதல் என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கிறேன், அவர் சேஸோனுக்கும் அதையே சொல்ல வேண்டும், டாஸ்மாக்குக்கும் சொல்ல வேண்டும்.

ஆனால் நடப்பது அதுவல்ல. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே தன் டாஸ்மாக் கடைகளில் நடத்துகிறது. அங்கே கிடைக்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டருக்குள் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கள்ளின் ஆல்கஹால் இருக்கிறது. கள்ளில் மயக்க மருந்து கலப்பார்கள் என்பதும் தடைக்குச் சொல்லும் காரணம். கலந்தார்கள்தான், கேரளத்தில் வழக்குகளே உண்டு. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். தடை இருந்த ஊரில், டாஸ்மாக் இருந்த ஊரில்.

எனக்குத் தோன்றுவது, கள்ளின் உண்மையான குற்றம் அது கெட்டுப்போவது. கிடங்கில் அடுக்க முடியாது. லேபிள் ஒட்டி இருநூறு மைல் அனுப்ப முடியாது. அந்திக்குள் குடிக்கவோ காடியாக்கவோ வேண்டும், அதனால் மரத்தின் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அது. ஆயிரம் பனையில் ஆயிரம் கலயம் தொங்கினால் எந்த அதிகாரி எண்ணுவது? திருவிதாங்கூர் அரசு பார்த்தது, ஏறுகிறவனிடமே கைவைத்தது. ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என்று வரி போட்டது. மனிதன் மரமேறும் கயிற்றுக்கு வரி! ஜனநாயக அரசு அந்தச் சிரமம்கூடப் படவில்லை, மொத்தமாகத் தடுத்துவிட்டது.

இதுவரை எழுதியது சுலபமான பாதி. கள்ளை அனுமதித்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? நாளைக்கே சென்னையில் ஒரு கடை பனங்கள்ளைக் காம்புக் கிண்ணத்தில் ஊற்றும், ஒருவர் குறிப்பு வாசிப்பார், மண், ஈரச்சாக்கு, நொங்குத் தோல் என்று. நானும் போவேன், மறைக்கவில்லை. பனைக்கு மட்டும் யாராவது ஏறியாக வேண்டும். பண்ணைப் பீர் காய்ச்சுகிறவன் கீழே விழுந்து சாவதில்லை. பனையேறி காலையும் மாலையும் முப்பது நாற்பது பனை ஏறுகிறான், மழை நனைத்த தடியில், நெஞ்சு தோலுரிய.

கீரிப்பாறையில் பனை அதிகம் கிடையாது. தடிக்காரன்கோணம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள்தான். அங்கே பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டாவைக் காளிகேசம் போகிற வழியில் டீக்கடையில் வைத்துப் பழக்கம். கீழே கல்குளம் பக்கத்துக்காரர், இளமையில் பனையேறி. பனையேற்றம் அழிகிறதே, எவ்வளவு பெரிய அறிவு அழிகிறது என்று நான் ஒருநாள் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“எனக்க அப்பன் பனையில இருந்து விழுந்தாக்கும் செத்தாரு. நான் பின்னயும் ஏறினேன், வேற என்ன செய்ய? எனக்க மவன் ஏறப்பிடாதுண்ணு நெனச்சேன், அவன் ஏறல்ல. இப்ப நீ வந்து ஏற ஆளில்லியேண்ணு வருத்தப்படுத. உனக்க வீட்டுப் பயல ஏத்து மக்களே, பாப்போம்.”

மரபைக் காப்பாற்று என்கிற வாக்கியத்துக்குள் எப்போதும் இன்னொருவன் பிள்ளை ஒளிந்திருக்கிறான். எய்னோவில் கூலிக்காரனின் வேலை போனபின் அவன் பானம் மட்டும் ரசனைக்குத் தங்கியது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. கள்ளில் பானத்தையும் ஆளையும் பிரிக்க வழியில்லை. ஏறத் தோதான கருவி வரவேண்டும், ஏறுகிறவனுக்கு மாதச் சம்பளமும் விபத்துக் காப்பீடும் வேண்டும், கள்ளின் விலையை அவனே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஒரு லிட்டர் கள் அநேகமாக அந்த பெல்ஜிய பாட்டிலின் விலைக்கு வந்து நிற்கும். மரத்தடியில் குடித்தவனுக்கு அது எட்டாது. தடை நீங்கட்டும் என்று சொல்லும்போது இதற்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறேன் என்பது எனக்குத் தெரிகிறது, போடத்தான் செய்வேன். தன் மரத்துச் சொட்டைத் தானே புளிக்கவிட்டதற்காக ஒருவனைப் போலீஸ் பிடிப்பது அதைவிட மோசம்.

பாட்டாவிடம் ரப்பர் வேலை எப்படி என்று கேட்டேன். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும், அதனால் விடியுமுன் வெட்ட வேண்டும் என்றார். சிரட்டையில் விழுந்த பாலும் சும்மா விட்டால் புளித்துத் திரிந்துபோகும், அதற்கு அமோனியா விடுவார்களாம்.

“அங்க சுண்ணாம்பு, இங்க இந்த நாத்தம் பிடிச்ச தண்ணி. வேற ஒரு வித்தியாசமும் இல்ல பாத்துக்க. தரையில நிண்ணு வெட்டலாம்.”