தெரியாமலிருக்கும் உரிமை

கமுந்திங்கில் வளர்ந்த எனக்கு விமானம் என்றால் தேக்காதான். தைப்பிங்கில் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் அது. பள்ளி விட்டதும் சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, எதுவும் வராத வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பொறியியல் முடித்து, சில வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் எட்டு மாதம் மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். இப்போது இல்லை. 'ஆம்' என்று எழுதினால் நிபுணரின் அறிக்கை கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும், கிடைக்காமலும் போகலாம். 'இல்லை' என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட வேலை செய்யும் நண்பனிடம் சொன்னேன். "மச்சான், உன்னை நீயே ஏன்டா காட்டிக் குடுக்குற?" என்றான்.

வேறு வழி இருக்கிறதா என்று மற்ற நாடுகளின் விதிகளைப் படித்தேன். அமெரிக்காவில் 2004 முதல் சிறிய, இலகுவான விமானங்களை ஓட்ட கார் லைசென்ஸே மருத்துவச் சான்றாகப் போதும். 2017 மே மாதத்திலிருந்து இன்னொரு வழியும் உண்டு. முன்பு ஒருமுறை முறையான சான்றிதழ் வைத்திருந்த தனியார் விமானி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வழக்கமான மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஒரு பாடத்தை முடித்தால் பறக்கலாம். பிரிட்டனில் 2016 முதல் தனியார் விமானிகள் பலர் தங்கள் உடல்நிலையைத் தாங்களே உறுதிமொழியாக அறிவித்துக்கொள்ளலாம்.

அமெரிக்க விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைசியாகக் கேட்ட மருத்துவச் சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தால் இந்த எளிய வழிகள் இரண்டுமே கிடையாது. ஒரே வியாதி உள்ள இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் போய்க் கேட்டு, 'முடியாது' என்ற பதிலோடு திரும்புகிறார். அவருக்குக் கார் லைசென்ஸ் வழியும் அடைபட்டுவிடுகிறது. இன்னொருவர் கேட்கவே இல்லை. அவருக்கு அது திறந்தே கிடக்கிறது. தன் உடல்நிலை பறக்க ஏற்றதல்ல என்று தெரிந்தால் பறக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் தெரிந்துகொள்ளாமல் இருப்பவனுக்குத்தான் லாபம். இது நியாயமா?

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மோசமான உதாரணம் 2015 மார்ச் 24. ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவரால் வேலை செய்ய முடியாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது நிறுவனத்தின் கைக்குப் போகவே இல்லை. பறக்கும் உரிமை போய்விடுமோ, வருமானம் போய்விடுமோ என்ற பயமும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை அறிக்கை சொன்னது. மனப்பதற்றம் உள்ளவர்களெல்லாம் அவரைப் போன்றவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை என்றாக்கிவிட்டால் உண்மை ஒளிந்துகொள்ளும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா தோட்டத்தில் பிறந்து, பிறகு லோரி ஓட்டியவர். சரக்கு லோரி லைசென்ஸுக்கு மருத்துவரின் கையெழுத்து வேண்டும். அந்த நாள் நெருங்கினால் சோற்றைக் குறைத்துவிடுவார், கோப்பியில் சீனி இருக்காது. மற்றபடி கிளினிக் பக்கமே போகமாட்டார். "பாக்காத வரைக்கும் வியாதி இல்லடா" என்பார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது பள்ளி விடுமுறையில் அவரோடு ஈப்போவுக்குப் போனேன். புக்கிட் பெராப்பிட் பக்கம் லோரியைத் திடீரென்று ஓரங்கட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணுமில்ல, கண்ணு மங்குது." இருபது நிமிடம் கழித்து மறுபடியும் ஓட்டினார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நானும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குப் போனபோதுதான் இனிப்பு நீர் என்று தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லைசென்ஸ்தான் எங்கள் வீட்டு அரிசி. 'முடியாது' என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மறுநாள் அவருக்கு யார் வேலை கொடுத்திருப்பார்கள்? எனக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. நான் பறக்க நினைப்பது ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காக. அப்பா மறைத்ததில் வயிற்றுப்பாடு இருந்தது. நான் மறைத்தால் அதில் என் ஆசை மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அன்று லோரியில் பக்கத்து இருக்கையில் இருந்தது நான். அப்பாவின் கண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. நான் உரிமம் வாங்கினால் முதலில் ஏறப்போவது என் அக்கா மகள். இப்போதே இடம் பிடித்துவிட்டாள். ஏழு வயதுக்காரி என் படிவத்தைப் படித்துப் பார்த்தா ஏறுவாள்?

விமான மருத்துவமும் குறையே இல்லாத உடம்பைக் கேட்பதில்லை. பயணிகள் விமானத்தின் விமானி ஒரு வருடத்துக்குள் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுவரை இருந்தால் ஏற்கலாம் என்று பல நாடுகளில் ஒரு கணக்கு உண்டு. பக்கத்தில் இன்னொரு விமானி இருப்பார் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. நான் ஓட்டப்போகும் சின்ன விமானத்தில் பக்கத்து இருக்கையில் அக்கா மகள்தான் இருப்பாள். அந்தக் கணக்கை நானே எனக்குச் சாதகமாகப் போட்டுக்கொள்வது சரியாகப் படவில்லை.

கேட்பவனைத் தண்டிக்கும் விதி மாறவேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அது மாறும்வரை நான் பொய் சொல்லலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 'ஆம்' என்று எழுதினேன். கீழே மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட மாதங்களையும் எழுதினேன். நினைத்தபடியே நிபுணரின் அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் லோரிக் கதையை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க குடுக்கலன்னா என்னடா பண்ணுவ?" என்றார்.

"புள்ளைய டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன்பா."