தாகித்த நாயும் நம் கடைப் பின்சந்தும்



பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் அறியாத காட்சியல்ல இது. இரவில் கடை சாத்தும் நேரம். பின்சந்தில் சொறி பிடித்த நாயொன்று மிச்சச் சோற்றுக்காகக் காத்து நிற்கிறது. கடைப் பையன் வெந்நீரை எடுத்து அதன் மேல் ஊற்றுகிறான். முதலாளி பார்த்தும் பேசாதிருக்கிறார். கேட்டால், "நஜீஸ்தானே!" என்கிறார்.

ஷாபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஹனபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ். இதில் தர்க்கமில்லை. ஆனால் அந்தச் சட்டம் எதைப் பற்றியது? கழுவுவதைப் பற்றியது. ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும்; அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ முறை. இரண்டும் காய்ந்திருந்தால் அதுவும் தேவையில்லை. உடையில் பட்ட நஜீஸுக்குத் தண்ணீரும் மண்ணும் போதும். வாயில்லா ஜீவனை வதைத்த பாவத்தை எந்த மண்ணைப் போட்டுக் கழுவுவது?

நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிய ஹதீஸ் ஒன்றை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். பயணி ஒருவர் தாகத்தால் வாடிக் கிணற்றில் இறங்கிக் குடித்தார். மேலே வந்தபோது நாயொன்று தாகத்தால் ஈர மண்ணை நக்கக் கண்டார். தாம் பட்ட பாட்டையே அதுவும் படுகிறதென்று உணர்ந்து, மறுபடி இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டினார். அவர் பாவம் மன்னிக்கப்பட்டது. அவரிடம் பணமில்லை, பாத்திரமில்லை. இருந்ததெல்லாம் இரக்கமும் இரண்டாம் முறை இறங்கும் சிரமமுமே.

இன்னொரு ஹதீஸில், பூனையைக் கட்டிப்போட்டுத் தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள். இதை நினைக்கும்போது நம் கிள்ளான் கடலோரத்தில் 2009-ம் ஆண்டு நடந்தது மனத்தில் வருகிறது. பூலாவ் கெத்தாம் தீவில் தெருநாய்கள் பெருகிவிட்டன என்று, சுமார் 300 நாய்களைப் பிடித்து ஆளில்லாச் சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். "நாங்கள் கொல்லவில்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உணவும் நல்ல தண்ணீரும் இல்லாத இடத்தில் விடுவது அந்தப் பூனையைக் கட்டிய கயிறல்லவா? நாய்கள் பசியால் ஒன்றையொன்று தின்னும் நிலை வந்தது. அப்போது தொண்டர்கள் படகேறிச் சோறும் தண்ணீரும் கொண்டுபோய், இயன்றவற்றை மீட்டு வந்தார்கள். இரண்டாம் முறை கிணற்றில் இறங்கியவர்கள் அவர்களே.

நம் பின்சந்து நாயை அடித்து அடுத்த சந்துக்கு விரட்டுவதும் சிறிய அளவில் அதே காரியந்தான்.

நாயை வீட்டில் வளர்க்கும்படி நான் சொல்லவில்லை. முடிந்ததைச் செய்யுங்கள். பின்வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். வெந்நீர் ஊற்றும் பையனைத் தடுங்கள். 2015-ம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டப்படி அது 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ வரக்கூடிய குற்றம். நோயுற்ற நாயைக் கண்டால், அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகளுக்குச் சொல்லுங்கள். பிடித்து, மருந்திட்டு, கருத்தடை செய்து, ஆதரிப்போரிடம் சேர்க்கும் இத்தொண்டுக்குச் செலவு அதிகம். ஜகாத்துக்குரிய எட்டு வகையார் திருக்குர்ஆனில் குறிக்கப்பட்டவர்கள். அதில் கை வைக்க வேண்டாம். ஸதகாவின் வாசலோ விரிந்தது. அன்றாட வியாபாரத்திலிருந்து சிறிது கொடுங்கள்.

குகைவாசிகளின் சரித்திரத்தைச் சொன்ன அல்லாஹுத் தஆலா, வாசலில் கால் நீட்டிக் கிடந்த அவர்களுடைய நாயையும் மறவாமல் சொன்னான். நம் வாசலில் கிடப்பதையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வல்ல நாயன் நம் உள்ளங்களில் இரக்கத்தையும் நம் தொழிலில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.